முதலில் கிணறு, பிறகு தேயிலை

தேயிலைப் பக்கற்றை எடுக்கமுன் உங்கள் வீட்டுக் கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். மயிலிட்டியிலோ, காங்கேசன்துறை, பலாலி, தெல்லிப்பழைப் பக்கத்திலோ குடியிருப்பவர் என்றால் அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு பொருக்கு இருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். கேத்தல் வாங்கி ஒரு மாதம் ஆகாத வீட்டிலும் அது இருக்கும். நல்ல தேத்தண்ணி போடப் பழகுகிறவருக்கு என்னுடைய முதற்பாடம் அந்தப் பொருக்கில்தான் தொடங்குகிறது.

"எந்த மார்க் தேயிலை நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். ஒருமுறை நுவரெலியாவுக்குப் போய் வந்தபோது, அங்கே குடித்த தேத்தண்ணியின் மயக்கத்தில், விலை கூடிய தேயிலை கால் கிலோ வாங்கி வந்தேன். அங்கே அது தேன் நிறத்தில், பூ வாசத்தோடு இருந்தது. ஊருக்கு வந்து போட்டால் சாக்கு நனைத்த தண்ணி. கடைக்காரர் பக்கற்றை மாற்றித் தந்துவிட்டார் என்று மூன்று நாள் வீட்டில் எல்லோரிடமும் திட்டித் தீர்த்தேன். பிறகு அதே தேயிலையைக் கொஞ்சம் கொழும்பில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தபோது பழைய வாசம் திரும்பி வந்தது. கடைக்காரர் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை எங்கள் கிணற்றில்.

பிழை என்று சொல்வதும் சரியில்லை. அது இந்த மண்ணின் குணம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது அந்தக் கல்லை நம்பித்தான். தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. கல் மட்டும் இன்றைக்கும் கரைந்து கரைந்து எங்கள் கேத்தல்களுக்குள் வருகிறது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேர்கிறது. அடுப்பில் கொதிக்கும்போது வாயு பறந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகி அடியில் படிகிறது. பொருக்கின் கதை இவ்வளவுதான்.

தேத்தண்ணியில் இது செய்யும் வேலை வேறு. தேயிலையின் துவர்ப்பும் நிறமும் பொலிபீனோல் எனப்படும் பொருட்களிலிருந்து வருகின்றன. தண்ணீரில் இருக்கும் கல்சியமும் பைகாபனேற்றும் இவற்றோடு சேர்ந்து கோப்பையின் மேல் எண்ணெய் மிதப்பது போல ஒரு ஆடையைக் கட்டுகின்றன. கோப்பையின் உட்சுவரில் பழுப்பு வளையம் விழுவதும் இதனால்தான். செம்மையாக இருக்க வேண்டிய நிறம் கறுத்து மங்கும். நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று படவேண்டிய துவர்ப்பு மழுங்கிவிடும். வாசம் அடங்கும். சாயம் கடுமையாகத் தெரியும். வாயில் வைத்தால் ஒன்றும் இராது. அதனால்தான் எங்கள் பக்கத்தில் புதிதாகத் தேத்தண்ணி போடுகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள்.

இது உலகத்தில் எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. இலண்டனின் குழாய்த் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், பிரித்தானியாவில் தன் கடைகளுக்கு விளம்பரம் செய்ததே அந்தந்த ஊர்த் தண்ணீருக்கேற்ற தேயிலை என்று சொல்லித்தான். ஊருக்கு ஊர் கலவையை மாற்றினால் வியாபாரம் கூடும் என்று கண்டுகொண்ட மனிதர். மயிலிட்டித் தண்ணீருக்கு என்று தேயிலை கலந்து தர ஒருவரும் வரப்போவதில்லை. அந்த வேலையை நாங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு கோப்பை

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். கடையில் ஒரு போத்தல் குடிதண்ணீர் வாங்குங்கள். மழைக்காலம் என்றால் கூரையில் பிடித்த மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. ஒரே அளவான இரண்டு வெள்ளைக் கோப்பைகள் எடுங்கள். வெள்ளை முக்கியம், நிறம் அப்போதுதான் தெரியும். இரண்டிலும் ஒரு மட்டத் தேக்கரண்டி அதே தேயிலை. ஒன்றுக்குக் கொதித்த கிணற்றுத் தண்ணீர், மற்றதற்குக் கொதித்த போத்தல் தண்ணீர். மணிக்கூட்டைப் பார்த்து நாலு நிமிஷம். வடித்து, சீனி போடாமல், பால் விடாமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீர்க் கோப்பை கறுப்பாக, மேலே சிறு ஆடையோடு இருக்கும். மற்றது சிவந்து தெளிந்திருக்கும். இப்போது கறுத்த கோப்பைக்குள் நாலைந்து துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள். ஆடை கரைந்து நிறம் பளிச்சென்று வெளுக்கும். புளி சுண்ணாம்பை வென்றுவிட்டது. எங்கள் ஆச்சிமார் வெறுந்தேத்தண்ணிக்குத் தேசிக்காய் பிழிந்தது காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் என்று மட்டும் நினைத்திருந்தேன். கிணற்றுக்கும் அதுவே மருந்து என்று பிறகுதான் பிடிபட்டது.

இரண்டு கோப்பைக்கும் வித்தியாசமே தெரியவில்லையா? உங்கள் கிணறு கொடுத்துவைத்த கிணறு. அடுத்த பகுதியை விட்டுவிட்டு நேரே தேயிலைக்குப் போகலாம்.

தண்ணீர்

குடாநாட்டில் வருஷம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. இருப்பது நிலத்தடியில், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு நல்லதண்ணீர்ப் படலம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்லதண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லோரும் கேட்டிருப்போம். கடலுக்குக் கிட்ட உள்ள எங்கள் கிணறுகளிலும் அதே கணக்குத்தான்; படலம் இன்னும் மெல்லியது. மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டால் கீழே உள்ள சவர் மேலே ஏறும். ஆகவே தேத்தண்ணிக்கான தண்ணீரைத் தோட்டத்துக்கு இறைத்து முடித்த கையோடு எடுக்க வேண்டாம். இரவு முழுக்க ஓய்ந்திருந்த கிணற்றில் விடிய, மேல்மட்டத்தில் வாளியால் அள்ளுங்கள். ஒரே வளவில் இரண்டு கிணறு இருந்தால் இரண்டையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். இருபது முப்பது யார் தூரத்தில் ருசி மாறுவது இங்கே புதினம் இல்லை.

சுண்ணாம்புக்கு வைத்தியம் உண்டு, சவருக்கு இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுண்ணாம்புத் தண்ணீரை ஐந்து நிமிஷம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து, இறக்கி, அரை மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் வைத்தால் கல் அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை மட்டும் மெல்லச் சரித்து, வெள்ளைத் துணியால் வடித்து எடுத்து, மறுபடி கொதிக்க வைத்துத் தேத்தண்ணி போடலாம். ஒருமுறை கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தால் தேத்தண்ணி செத்துப்போகும் என்று சொல்கிற புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் ஊரில் தண்ணீர் வேறு. எங்கள் ஊரில் இரண்டு கொதி நட்டம் இல்லை, லாபம். இரவில் ஒரு பெரிய பானையில் கொதிக்க வைத்து மூடிவிட்டால் காலைக்குத் தெளிந்த தண்ணீர் தயார்.

சவர் அப்படியல்ல. உப்பு கொதியில் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். தோட்டங்களுக்குப் போட்ட உரத்திலிருந்து கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்றும் கொதியில் போகாது. கிணறு சவர் என்றால், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடு என்றால், தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்வதும் வேறு இடத்தில் எடுப்பதும்தான் வழி. இப்போது ஊருக்கு ஊர் சுத்திகரித்த தண்ணீர் விற்கிறார்கள். அது தேத்தண்ணிக்கு நல்லதுதான், ஆனால் தாதுக்கள் முழுவதும் உருவப்பட்ட தண்ணீரில் துவர்ப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இறங்கும். என் வீட்டில் மூன்று பங்கு சுத்திகரித்த தண்ணீருக்கு ஒரு பங்கு தெளிய வைத்த கிணற்றுத் தண்ணீர் கலக்கிறேன். இந்தக் கணக்கை எந்த ஆய்வுகூடமும் தரவில்லை. ஒரு கிழமை முழுக்கக் கோப்பை கோப்பையாகக் குடித்துக் கண்டது.

எல்லாவற்றிலும் மேல் மழைத்தண்ணீர். வாடைமழை தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு ஓட்டுக் கூரையிலிருந்து துணி கட்டிப் பிடித்து, மூடி வையுங்கள். கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். வருஷத்தில் அந்த இரண்டு மூன்று மாதம் நுவரெலியாத் தேயிலையை எங்கள் ஊரிலேயே நுவரெலியாத் தேயிலையாகக் குடிக்கலாம்.

மீளக் குடியேறியவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். 1990 ஜூனில் போரால் மயிலிட்டி முழுவதும் எழும்பிப் போனது. துறைமுகமும் அதை அண்டிய காணிகளும் 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து விடுபட்டன. இருபத்தேழு வருஷம் ஒருவரும் அள்ளாத கிணறுகள். எங்கள் கிணற்றுக்குள் இடிந்த மதில் பாதி கிடந்தது, மிச்சத்தில் ஆலமரம் வேர்விட்டிருந்தது. கல்லை எடுத்து, வேரை வெட்டி, நாலு முறை இறைத்து, குளோரின் போட்டு, மறுபடி இறைத்த பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் வாயில் வைக்க வேண்டாம். அம்மா வைத்தார். முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "அதே தண்ணிதான்" என்றார். எனக்குச் சுண்ணாம்புதான் தெரிந்தது.

தேயிலை

சுன்னாகம் சந்தைப் பக்கமோ தெல்லிப்பழைச் சந்தியிலோ ஒரு பலசரக்குக் கடைக்குப் போனால் இருபது விதப் பக்கற் தொங்கும். மேலே எழுதியிருப்பவற்றில் உங்களுக்கு உதவுவது இரண்டுதான்: எந்த உயரத்தில் விளைந்தது, எந்த அளவில் அரிக்கப்பட்டது. மிச்சம் படமும் பெயரும்.

அளவை முதலில் பார்ப்போம். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டு, உலர்த்தி, கடைசியில் சல்லடைகளில் அரிப்பார்கள். பெரிய, முறுகிய இலை ஓ.பி., அதாவது ஆரஞ்சு பெக்கோ. அதனிலும் உடைந்தது பி.ஓ.பி. இன்னும் சிறியது பி.ஓ.பி.எஃப். கடைசிச் சல்லடையில் விழும் நுண்தூள் டஸ்ட். டஸ்ட் என்றதும் கூட்டிப் பெருக்கிய தூசி என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது அளவின் பெயர், தரத்தின் பெயர் அல்ல. ஓ.பி.யில் வரும் ஆரஞ்சு என்ற சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இலை பெரிதானால் சாயம் மெல்ல இறங்கும், வாசம் கூட. தூளானால் சாயம் உடனே இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும்.

உயரம் அடுத்தது. ஏறத்தாழ 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை: காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். கறுத்த இலை, தடித்த சாயம். 600 முதல் 1200 வரை இடைநிலம்; கண்டியைச் சுற்றியுள்ள பகுதிகள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய முதல் தோட்டமும் கண்டி மாவட்டத்தில்தான். அதற்கு மேலே உயர்நிலம்: நுவரெலியா, திம்புள்ள, ஊவாவின் மேற்பகுதிகள். மெல்லிய நிறம், கூரிய வாசம்.

மயிலிட்டிக்காரருக்கு இன்னொரு குறிப்பு சுலபமாக விளங்கும், காற்று. எங்கள் கடலில் சோளகம் வீசுகிற காலத்தில் அதே தென்மேற்குக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி, காய்ந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. அங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காய்ச்சலில் எடுக்கும் கொழுந்துதான் ஊவாத் தேயிலையில் பேர்போனது. உளுக்குக்குப் பூசும் தைலத்தின் வாசம் அதில் மெல்ல வரும். சிலருக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. வாடை ஓய்ந்துவரும் ஜனவரி முதல் மார்ச் வரை முறை மாறி, திம்புள்ளப் பக்கத்துக்கு நல்ல பருவம் வரும். பலதும் கலந்த பக்கற்றில் இந்தப் பருவமெல்லாம் கரைந்துபோகும். தோட்டத்தின் பெயரோ பகுதியின் பெயரோ போட்ட பக்கற் என்றால், பருவம் முடிந்து சில கிழமை கழித்து வாங்குங்கள். கொழும்பு ஏலத்தைத் தாண்டி, பக்கற்றாகி, வடக்கே வர அவ்வளவு நாள் எடுக்கும்.

இனி என் தீர்ப்பு. கிணற்றுத் தண்ணீரைத்தான் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் தினசரித் தேத்தண்ணிக்கு இடைநிலத்திலோ தாழ்நிலத்திலோ விளைந்த பி.ஓ.பி.எஃப். வாங்குங்கள். சுண்ணாம்பு பாதியைத் தின்றாலும் மிச்சம் இருக்கும். பெரிய இலையையும் உயர்நிலத்தையும் மழைத்தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதற்தடவை 50 கிராம், 100 கிராம் பக்கற்றாக இரண்டு விதம் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மலிவு என்று கிலோக் கணக்கில் வாங்குவது தேயிலை தெரிந்தவர்கள் செய்கிற வேலை இல்லை. பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அவற்றுக்குக் கொதி ஆறிய தண்ணீர் வேண்டும், எங்கள் கிணறு அவற்றை இன்னும் மோசமாகக் கெடுக்கும்.

உதிரியாக நிறுத்து விற்கும் தேயிலையில் கவனம். தொழிற்சாலையில் கழித்துவிட்ட நாரும் காம்பும் நல்ல தேயிலையோடு கலந்து சந்தைக்கு வருவது இந்த நாட்டில் பழைய வியாதி. நிறத்துக்குச் சாயம் சேர்ப்பதும் உண்டு. உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். சிவந்த நாரும் தும்பும் கூடக் கண்டால் வேண்டாம். ஈரமாக்கிய வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவி ஐந்து நிமிஷம் விடுங்கள். நல்ல தேயிலை மெல்லிய பழுப்புத்தான் விடும். தூவிய உடனே கடும் சிவப்போ கறுப்போ ஓடினால் அது தேயிலையின் நிறம் இல்லை. தேத்தண்ணி வடித்த பின் சக்கையையும் பாருங்கள். செப்பு நிறத்தில் மினுங்கினால் நல்ல அறிகுறி, கறுத்துச் செத்திருந்தால் இல்லை.

விலை பார்த்து முறைப்பாடு சொல்லமுன் ஒரு கணக்கு: ஒரு கிலோ தேயிலைக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்தைக் கையால் எடுப்பவர்கள், 1820களில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி குடித்து வளர்ந்த என் தலைமுறை அவர்களைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருந்தது என்பது வேறு புத்தகத்துக்கு உரியது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காற்றுப் புகாத ரின்னில் போட்டு மூடுங்கள். கடற்கரை ஈரம் தேயிலைக்கு ஆகாது. அதைவிட ஆகாதது மணம். தேயிலை பக்கத்தில் இருப்பதன் மணத்தையெல்லாம் உறிஞ்சும். எங்கள் ஊரில் இதற்குச் சாட்சி தேவையில்லை. கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் திறந்து கிடந்த தேயிலையில் போட்ட தேத்தண்ணியை ஒருமுறை குடித்தவர் மறக்கமாட்டார். மிளகாய்த்தூள், பெருங்காயம், சவர்க்காரம் மூன்றும் தள்ளியே இருக்கட்டும்.

போடுகிற கை

வெறுந்தேத்தண்ணியில்தான் பழக வேண்டும். பாலும் சீனியும் பிழையை மூடிவிடும். ஒரு சாதாரணக் கோப்பை 200 மில்லிலீற்றர் பிடிக்கும். அதற்கு இரண்டு, இரண்டரைக் கிராம் தேயிலை. தூள் என்றால் ஒரு மட்டத் தேக்கரண்டி, பெரிய இலை என்றால் ஒன்றரை, ஏனென்றால் பெரிய இலை கரண்டியில் இடத்தைப் பிடிக்கும், பாரம் இராது. தேயிலை ருசிபார்ப்பவர்களுக்கான சர்வதேசத் தரம் 100 மில்லிலீற்றருக்கு இரண்டு கிராம், ஆறு நிமிஷம் என்று சொல்கிறது. அது தேயிலையின் குற்றம் குறையைக் கண்டுபிடிப்பதற்கான கடுமை, ஆறுதலாக இருந்து குடிப்பதற்கு அல்ல.

கேத்தலுக்குள் தேயிலையைப் போட்டு அடுப்பில் கொதிக்க விடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். தேயிலை அவிய வேண்டியதில்லை, ஊற வேண்டும். மூடியுள்ள ஒரு பாத்திரத்தைச் சுடுதண்ணீரால் அலசி ஊற்றிவிட்டு, தேயிலையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் விட்டு உடனே மூடுங்கள். தூளுக்கு மூன்று நிமிஷம், பி.ஓ.பி.க்கு நாலு, பெரிய இலைக்கு ஐந்து. மணிக்கூட்டைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்க வேண்டாம். சுண்ணாம்புத் தண்ணீரில் நிறம் ஒரு நிமிஷத்திலேயே கறுத்துவிடும், ருசி அப்போதும் இறங்கியிராது. நேரம் ஆனதும் முழுவதையும் வடித்துவிடுங்கள். சக்கையில் நின்ற மிச்சத் தண்ணீர் அடுத்த கோப்பையைக் கசப்பாக்கும். சாயம் போதவில்லை என்றால் அடுத்தமுறை தேயிலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரம் கூடினால் கசப்புத்தான் கூடும்.

பால் தேத்தண்ணிக்குத் தேயிலை ஒன்றரை மடங்கு. பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்குவதால் சாயம் கடுமையாக இருந்தால்தான் எழும்பி நிற்கும். பால்மாவைக் கொதிக்கும் சாயத்துக்குள் கொட்டினால் கட்டி பிடிக்கும். முதலில் சீனியோடு கலந்து, இரண்டு கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, அதற்குமேல் சாயத்தை வடித்து, இரண்டு பேணியில் ஆற்றுங்கள். பசுப்பால் என்றால் தனியே காய்ச்சிக் கடைசியில் விடுங்கள். இஞ்சி போடுகிறவர்கள் இஞ்சியைத் தட்டித் தண்ணீரோடு நன்றாகக் கொதிக்க விட்ட பிறகுதான் பாலைச் சேர்க்க வேண்டும். பச்சை இஞ்சிக்குப் பாலைத் திரைய வைக்கும் குணம் உண்டு, கொதி அதை அடக்கிவிடும். 2021, 22இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எத்தனையோ வீடுகள் வெறுந்தேத்தண்ணிக்குத் திரும்பின. சில வீடுகள் அப்படியே நின்றுவிட்டன, எங்கள் வீடும் அதில் ஒன்று.

சீனியா பனங்கட்டியா? பனங்கட்டியைத் தேத்தண்ணிக்குள் கரைக்க வேண்டாம். சாயம் மங்கும், பால் இருந்தால் திரையவும் கூடும். கடித்துக் குடியுங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் சீனி கண்ணில் படாத நாட்களில், இடம்பெயர்ந்து மல்லாகத்தில் கோணாப்புலம் முகாமிலும் சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை முகாமிலும் எங்கள் சனம் அப்படித்தான் குடித்தது. ஒரு குட்டான் பனங்கட்டியை எத்தனை வாய்க்குப் பங்கிடலாம் என்று பெரியம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது: சின்னவர்களுக்குப் பாக்களவு, பெரியவர்களுக்கு மணக்க மட்டும். ருசிக் கணக்கிலும் அது பிழையில்லை. இனிப்பு நாக்கில் நிற்க, தேயிலை தனியே தெரியும். சோதித்துப் பார்க்க வேறு வழியே வேண்டாம்.

சோற்றோடு தேத்தண்ணி வேண்டாம். உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுப்பதை அது குறைக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் விடுங்கள். கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, கடலுக்குக் கொண்டுபோகும் தேத்தண்ணி. பின்னேரம் படகு இறங்கினால் விடியத்தான் திரும்புவார்கள். சுடுதண்ணிப் போத்தலுக்குள் தேயிலையோடு ஊற்றி அனுப்பினால் நடுச்சாமத்தில் அது கஷாயம். பால் விட்டு அனுப்பினால் இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்து கெட்டுப்போகும், வயிற்றைப் புரட்டும். போத்தலைக் கொதிதண்ணீரால் நிரப்பி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, வடித்த வெறுஞ்சாயத்தைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். பால்மாவையும் சீனியையும் தனித்தனிச் சுருளாகக் கட்டிக் கொடுங்கள், அங்கே பேணியில் கலந்துகொள்வார்கள். திரும்பி வந்ததும் போத்தலுக்குள் ஒரு தேசிக்காயைப் பிழிந்து, சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு மணித்தியாலம் வைத்து அலசுங்கள். பழுப்பு வளையம் கழன்று வரும். கேத்தல் பொருக்குக்கும் இதே மருந்து. அலுமினியக் கேத்தல் என்றால் புளியை நீண்ட நேரம் விட வேண்டாம், அலுமினியத்தையும் அரித்துவிடும். அலசிய போத்தலை மூடாமல் கவிழ்த்து வையுங்கள். மூடி வைத்த போத்தல் அடுத்த நாள் மணக்கும், அந்த மணத்தோடு இறங்குகிற தேத்தண்ணியைப் பற்றிக் கரைக்கு வந்ததும் உங்களுக்குத்தான் சொல்வார்கள்.